டைக்ளோஃபெனாக் ஜெல்: முழங்கால் வலிக்கு அளந்து தடவ வேண்டிய மருந்து

இங்கே நான் மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது டைக்ளோஃபெனாக் ஜெல். மருந்துக் கடையில் ‘வலிக்குத் தடவுற மருந்து ஒண்ணு குடுங்க’ என்று கேட்டால் எடுத்து நீட்டப்படும் குழாய்கள் பலவற்றில் இந்த மருந்துதான் இருக்கிறது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் உள்ள என் அம்மாவுக்காக இதைத் தொடர்ந்து வாங்கி வருகிறேன். பல பெயர்களில் வரும் குழாய்களின் உறைகளைப் படித்து, அவற்றில் சிலவற்றைப் பயன்படுத்தியும் பார்த்திருக்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழங்காலுக்கும் கைவிரல் மூட்டுகளுக்கும் இது வாங்கத் தகுந்த மருந்து. ஆனால் நம் வீடுகளில் வழக்கமாகத் தடவும் அளவில் தடவினால், இதிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய பலனில் பெரும்பகுதி கிடைக்காமலே போய்விடும்.

அம்மாவுக்கு மாத்திரையை விட்டு ஜெல்லுக்கு வர வேண்டிய காரணம் தெளிவாக இருந்தது. இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரையில் டெல்மிசார்ட்டனோடு, சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டோடு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்து, வயதானவர்களுக்குத் திடீரென்று சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து உண்டு. வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். வயிற்றில் புண் உண்டாக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும். கடைசியாகச் சொன்ன காரணத்துக்காக டைக்ளோஃபெனாக் மாத்திரை குறித்து ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-இல் தனியாகவே எச்சரிக்கை விடுத்தது. இவ்வளவு இருந்தும், நம் ஊரில் பெட்டிக் கடையில் பிஸ்கட் வாங்குவதைப்போல மருந்துக் கடையில் இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் முதியவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அதை நிறுத்தச் சொன்னால் மட்டும் போதாது. வலிக்கிற காலுக்கு வேறு ஏதாவது ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த இடத்துக்குத்தான் இந்த ஜெல் பொருந்துகிறது.

மருந்து ஒன்றுதான் என்றாலும் வழி வேறு. டைக்ளோஃபெனாக், வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிற புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் உடலில் உற்பத்தியாவதைத் தடுக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் வயிறு, குடல், இரத்தம் என்று உடல் முழுவதும் சுற்றிய பிறகே அது முழங்காலுக்கு வருகிறது. ஜெல்லாகத் தடவும்போது தோல் வழியாக இறங்கி, அடியில் உள்ள தசையிலும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்விலும் தங்குகிறது. ஒரு முழங்காலுக்கு முழு அளவில் தடவினாலும், இரத்தத்தில் சேரும் மருந்து மாத்திரையால் சேருவதில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான். தடவும் பரப்பு கூடக் கூட இந்த அளவும் கூடும். இரண்டு முழங்கால், இரண்டு கை என்று ஒரே நாளில் 48 கிராம் வரை தடவியவர்களிடம் அது 20 விழுக்காடு அளவுக்கு உயர்ந்திருக்கிறது. ஆகவே, மேலுக்குத் தடவுவதுதானே என்று உடம்பு முழுக்கப் பூசிக்கொள்ளக் கூடிய பொருள் இது அல்ல.

பலன் எவ்வளவு என்பதில்தான் விளம்பரத்துக்கும் உண்மைக்கும் இடைவெளி அதிகம். தொலைக்காட்சியில் தடவிய மறுநொடியே பாட்டி எழுந்து நடக்கிறார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் டைக்ளோஃபெனாக் தடவிய மூட்டுத் தேய்மான நோயாளிகளில் நூற்றுக்கு 60 பேருக்கு வலி பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்தது. கேட்க மிகவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதே ஆய்வுகளில் மருந்து எதுவும் கலக்காத வெறும் ஜெல்லைத் தடவியவர்களிலும் நூற்றுக்கு 50 பேருக்கு அதே அளவு நிவாரணம் கிடைத்திருக்கிறது. அதாவது பத்துப் பேர் தடவினால், மருந்தின் காரணமாக மட்டுமே குணம் காண்பவர் ஒருவர். மற்ற ஐந்து பேருக்கு நிவாரணம் கிடைப்பதற்குத் தேய்த்துவிடும் கை, நாளுக்கு நாள் ஏறி இறங்கும் வலியின் இயல்பு, மருந்து போட்டிருக்கிறோம் என்ற தெம்பு ஆகியவை காரணமாக இருக்கலாம்.

இந்தக் கணக்கைப் படித்ததும் ஜெல்லைத் தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. தேய்மானத்துக்கு மாத்திரையாகக் கிடைக்கும் வலி மருந்துகளின் பலனும் மலையளவு உயர்ந்ததல்ல. பக்கவிளைவோ பல மடங்கு அதிகம். ஜெல் தடவியவர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட தொல்லை, தடவிய இடத்தில் தோல் வறள்வது, சிவப்பது, அரிப்பது ஆகியவைதான். வயிற்றுத் தொல்லை வெறும் ஜெல் தடவியவர்களைவிட அதிகமாகக் காணப்படவில்லை. இந்த எடைபோடலின் அடிப்படையில்தான், முழங்கால் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டால் முதலில் பூச்சு மருந்தைக் கொடுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சிகிச்சை முறைகளை வகுத்துத் தரும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறுகிறது. வாத நோய் மருத்துவர்களுக்கான அமெரிக்கக் கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் முழங்காலுக்கு இதை வலுவாகப் பரிந்துரைக்கிறது. பலன் நடுத்தரம், தீங்கு குறைவு என்ற ஒரு மருந்தை எடுத்தவுடன் முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

இனி அளவு. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதே அதுதான். அமெரிக்காவில் 1 விழுக்காடு ஜெல்லுக்கு 2007-இல் மருத்துவர் சீட்டோடு விற்க அனுமதி கிடைத்தது. 2020-இல் சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்தார்கள். அங்கே குழாயோடு ஓர் அளவு அட்டையையும் வைத்துக் கொடுக்கிறார்கள். முழங்கால், கணுக்கால் போன்ற கீழ் மூட்டுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், கை மூட்டுக்கு 2 கிராம், நாளுக்கு நான்கு வேளை, எல்லா மூட்டுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 32 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் கணக்கு. 4 கிராம் என்பது அந்த அட்டையில் நாலரை அங்குல நீளத்துக்குப் பிதுக்கப்பட்ட பட்டை. இங்கிலாந்தில் இதே வலிமையுள்ள ஜெல்லை ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம் வரை, மூன்று நான்கு வேளை தடவச் சொல்கிறார்கள்.

இங்கே நாங்கள் வாங்கிய குழாய்கள் எதனோடும் அட்டை வரவில்லை. ‘பாதிக்கப்பட்ட இடத்தில் மென்மையாகத் தடவவும்’ என்ற வாசகமே இருந்தது. அம்மா வழக்கமாக விரல் நுனியில் எடுக்கும் அளவை ஒரு நாள் சமையலறை டிஜிட்டல் தராசில் பட்டர் பேப்பர் விரித்து அதன்மேல் பிதுக்கச் சொன்னேன். சுண்டைக்காய் அளவு இருந்த அது 1 கிராமைக்கூடத் தொடவில்லை. அதை இரண்டு முழங்காலுக்கும் பங்கிட்டுத் தடவுவதுதான் அவர் வழக்கம். பிறகு 4 கிராம் வரும்வரை பிதுக்கியபோது, பட்டர் பேப்பரில் அது ஆள்காட்டி விரலைவிட நீண்ட கனமான பட்டையாகக் கிடந்தது. “இவ்வளவு எதுக்குப்பா, வீணாப் போகும், பாதி குழாய் காலியாயிடும்” என்று அம்மா உண்மையாகவே பதறினார். அவர் பதறியதில் தவறில்லை. இங்கே கிடைக்கும் சாதாரணக் குழாய் 30 கிராம். ஒரு முழங்காலுக்கு 4 கிராம் வீதம் நான்கு வேளை தடவினால் ஒரு குழாய் இரண்டு நாள்கூட முழுதாக வராது. இரண்டு முழங்காலுக்கும் என்றால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். சிறிய குழாயும் அதன் விலையும் சேர்ந்து, எந்த அளவில் ஆய்வு செய்யப்பட்டதோ அதில் சிறு பங்கை மட்டுமே மக்கள் தடவும்படி செய்துவிடுகின்றன. பிறகு ‘ஜெல் எல்லாம் நமக்குக் கேட்காது’ என்று முடிவு கட்டி, மறுபடியும் மாத்திரைக்குப் போகிறார்கள். இந்த மருந்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை, குழாய்க்குள் இருப்பதைப் பற்றியது அல்ல. அது விற்கப்படும் முறையைப் பற்றியது.

எங்கள் மருத்துவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேட்டபோது, வலி அதிகமுள்ள வலது முழங்காலுக்கு மட்டும் 4 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை தடவலாம், மூன்று வாரம் பார்க்கலாம், பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார். ஒவ்வொரு முறையும் தராசை எடுக்க வேண்டியதில்லை. ஒரு முறை நிறுத்துப் பார்த்து, அந்தக் குழாயின் வாயிலிருந்து 4 கிராம் எவ்வளவு நீளத்துக்கு வருகிறது என்று ஓர் அட்டையில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும். குழாய்க்குக் குழாய் வாயின் அகலம் மாறுவதால், வேறு நிறுவனத்தின் குழாய் வாங்கினால் புதிதாகக் கோடு போட வேண்டும்.

தடவும் முறையிலும் சில விவரங்கள் உள்ளன. முழங்கால் சிப்பியின் மேல் மட்டும் வட்டமாகத் தேய்ப்பது எல்லோர் கையும் செய்யும் வேலை. ஆனால் மருந்து முட்டியின் முன்புறம், இரு பக்கங்கள், மடங்கும் பின்புறம் என்று சுற்றிலும் படிய வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டிய அவசியம் இல்லை. தடவிய பின் பத்து நிமிடமாவது புடவையோ வேட்டியோ படாமல் விட வேண்டும், ஒரு மணி நேரத்துக்காவது அந்த இடத்தைக் கழுவக் கூடாது. குளித்துவிட்டு ஈரம் துடைத்த பிறகு தடவுவது நல்லது. தடவி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்; கைவிரல் மூட்டுகளுக்கே தடவியிருந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் கழுவலாம். புண், கீறல், சிரங்கு உள்ள தோலில் போடக் கூடாது. தடவிய இடத்தில் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெல்லின்மேல் வெந்நீர்ப் பையோ ஒத்தடமோ வைக்கக் கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாகவும் கணக்கின்றியும் உள்ளே இறங்கும், தோலும் புண்ணாகும்.

அடுத்தது, எந்தக் குழாயை வாங்குவது என்பது. ஒரே அலமாரியில் இருந்தாலும் இவை எல்லாம் ஒன்றல்ல. வோவெரான் எமல்ஜெல் போன்றவற்றில் ‘டைக்ளோஃபெனாக் டைஎத்தில்அமைன் 1.16 விழுக்காடு’ என்று எழுதியிருக்கும். அது 1 விழுக்காடு டைக்ளோஃபெனாக் சோடியத்துக்குச் சமம். வோலினி ஜெல்லில் அதே 1.16 விழுக்காடு மருந்தோடு மீத்தைல் சாலிசிலேட் 10 விழுக்காடும், மென்தால் 5 விழுக்காடும், ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்திருக்கின்றன. இந்தக் கூட்டுக் கலவையைப் பின்பற்றி வேறு பல நிறுவனங்களும் குழாய்களை விற்கின்றன. வழக்கமான மூவ், அமிர்தாஞ்சன் போன்ற தைல வகைகளில் டைக்ளோஃபெனாக் கிடையாது. அவை வேறு இனம். 1893-இல் தொடங்கப்பட்ட அமிர்தாஞ்சனின் மணம் பல தலைமுறைகளாக நம் வீடுகளுக்குப் பழக்கமானது. ஆகவே, வலி மருந்து என்றால் மூக்கில் ஏற வேண்டும், தோலில் விறுவிறுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்கு இயல்பாகவே இருக்கிறது.

அந்த விறுவிறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் வாங்குவது எளிதாகும். மென்தால், தோலில் குளிர்ச்சியை உணர்த்தும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின் வெப்பத்தை உணர்த்தும் முனைகளைத் தூண்டுகிறது. இந்த உணர்விகளைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவரும் 2021-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள். குளிர்ச்சியோ சூடோ மேலோங்கும்போது மூளைக்குப் போகும் வலிச் செய்தி மங்குகிறது. இது பொய்யான நிவாரணம் அல்ல. சில நிமிடங்களில் வந்து சிறிது நேரத்தில் போய்விடும் உண்மையான நிவாரணம். டைக்ளோஃபெனாக்கோ தடவியவுடன் எந்த உணர்வும் தராது. அது நாள்தோறும் தடவத் தடவச் சேர்ந்து, முழுப் பலனைக் காட்ட ஒரு வாரம்கூட ஆகலாம். கலவைக் குழாயைத் தடவிய ஐந்தாவது நிமிடத்தில் ‘கேட்குது’ என்று சொல்பவர், மென்தாலுக்குத்தான் சான்றிதழ் கொடுக்கிறார். வெறும் டைக்ளோஃபெனாக்கைத் தடவி ஐந்தாவது நிமிடத்தில் ‘கேட்கலை’ என்று சொல்பவர், மருந்துக்குத் தேர்வு நடக்கும் முன்பே மதிப்பெண் போடுகிறார்.

எங்கள் கடைக்காரர் நல்லவர், ஆனால் அவரும் “இது வெறும் ஜெல்லும்மா, அதுதான் நல்லா ஜிவ்வுனு பிடிக்கும்” என்று சொல்லிக் கலவைக் குழாயைத்தான் முன்னால் தள்ளுவார். நாங்கள் கலவை இல்லாததையே கேட்டு வாங்குகிறோம். ஒரு வேளைக்கு 4 கிராம் வீதம் நாளெல்லாம் தடவ வேண்டிய பொருளில் 10 விழுக்காடு மீத்தைல் சாலிசிலேட் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு, அதிகமாகத் தடவினால் இரத்தக் கசிவு வரை கொண்டுபோய் விடக்கூடியது. மீத்தைல் சாலிசிலேட்டே பெரும்பகுதியாக உள்ள விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி அளவு வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. பேரக் குழந்தைகள் தவழும் வீட்டில் அந்தச் சிறு புட்டியைத் தாத்தாவின் தலையணைக்கு அடியில் வைக்கவே கூடாது. மென்தாலும் மீத்தைல் சாலிசிலேட்டும் சேர்ந்த பூச்சுகளால் அரிதாகத் தோலில் தீக்காயம் போன்ற கடுமையான புண்கள் வந்திருப்பதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012-இல் எச்சரித்தது. எப்போதாவது இடுப்புப் பிடிப்புக்கு, சுளுக்குக்கு, ஓரிரு நாள் தடவுவதற்குக் கலவைக் குழாயில் தவறில்லை. தேய்மானத்துக்கு வாரக்கணக்கில் தடவப் போகிறீர்கள் என்றால் உறையில் ஒரே ஒரு மருந்தின் பெயர் இருப்பதை வாங்குங்கள்.

ஸ்பிரே வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூவுவதற்குச் சுலபம், விளையாட்டு மைதானத்துக்குப் பொருத்தம். எவ்வளவு மருந்து தோலில் படிந்தது என்று கணக்கிட முடியாது, எளிதில் தீப்பற்றும், அடுப்படியிலும் சாமி விளக்கருகிலும் பயன்படுத்தக் கூடாது. முழங்கால் தேய்மானத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தைலங்களையும் இதே தராசில் நிறுத்த வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பிண்டத் தைலம், கற்பூராதித் தைலம், கொட்டஞ்சுக்காதித் தைலம் ஆகியவற்றை இளஞ்சூடாக்கித் தேய்த்து, நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள முறை. அதில் கிடைக்கும் சுகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வெறும் ஜெல்லுக்கே பாதிப் பேர் குணம் கண்ட ஆய்வைப் பார்த்த பிறகு, தேய்த்துவிடும் கையின் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு இரவில் ஒத்தடம் வேண்டும். ஆகவே ஜெல் காலையும் மதியமும் மாலையும், ஒத்தடம் இரவில் காலைக் கழுவிய பிறகு என்று பிரித்துக்கொண்டோம். ஒன்றின்மேல் ஒன்று வேண்டாம் என்பதுதான் முக்கியம். ஊர் பேர் தெரியாத ‘மூலிகைப் பொடி’, ‘மூட்டுவலி லேகியம்’ ஆகியவை வேறு கதை. நாலே நாளில் வலி மாயமாய்ப் போகிறது, முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து என்பதால் உடனே மருத்துவரிடம் பொட்டலத்தோடு போக வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, பிராண்டுப் பெயரைச் சொல்லிக் கேட்காமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் செலவு கணிசமாகக் குறையும். பிரதமரின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் ஆயிரம் கடைகளாகத் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும் பொதுப் பெயரில் மருந்துகளை விற்கிறார்கள். அங்கேயும் உறையைத் திருப்பி, உள்ளே இருப்பது டைக்ளோஃபெனாக் மட்டும்தானா, கலவையா என்று பார்த்து வாங்க வேண்டும். குழாயின் விலையை அப்படியே ஒப்பிடாமல் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், பெரிய குழாய் எங்கே லாபம், எங்கே லாபமில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இந்த ஜெல் எங்கே வேலை செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இடுப்பு மூட்டு தோலிலிருந்து வெகு ஆழத்தில் இருக்கிறது. மேலே தடவும் மருந்து அங்கே போய்ச் சேராது. முதுகுத்தண்டு, தோள் மூட்டு ஆகியவற்றுக்கு இது பலன் தரும் என்று மதிப்பிடப்படவில்லை என்று அமெரிக்கக் குழாயின் உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியம், எல்லா மூட்டுவலியும் தேய்மானம் அல்ல. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் அரை மணி, ஒரு மணி நேரம் விறைத்துக் கிடப்பது, இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் ஒரே மாதிரி வீங்குவது ஆகியவை முடக்குவாதத்தின் அடையாளங்கள். அதற்கு ஜெல் தடவிக்கொண்டு மாதங்களைக் கழித்தால் மூட்டு நிரந்தரமாக அரிக்கப்பட்டுவிடும். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தொடக்கத்திலேயே ஆரம்பித்தால் அந்தச் சேதத்தைத் தடுக்க முடியும். அதற்கு வாத நோய் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இயங்குகிறது. ஒரே இரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலத்தைச் சோதிக்க வேண்டும். காய்ச்சலோடு ஒரு மூட்டு சூடாக வீங்கினால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிட்டு மூச்சிரைப்பு, தடிப்பு வந்தவர்கள் இதைத் தொடக் கூடாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கூடாது. சிறுநீரகக் கோளாறு, இதய நோய், பழைய குடல் புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். ஜெல்லும் வேண்டும், மாத்திரையும் வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வது, ஜெல்லுக்கு மாறியதன் நோக்கத்தையே அழித்துவிடும். மாடுகளுக்குப் போட்டதால் பாறு கழுகுகள் செத்துப்போன மருந்துதானே இது என்று அப்பா ஒரு நாள் கேட்டார். அதேதான். இந்த மருந்து செலுத்தப்பட்ட கால்நடைகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து மாண்டன. அதனால் 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தார்கள். மனிதச் சிறுநீரகம் கழுகுடையதைப்போல் அவ்வளவு எளிதில் வீழ்வதில்லை. ஆனாலும் மருந்து குறிவைப்பது எந்த உறுப்பை என்பதை மறக்காமல் இருப்பது நல்லது.

ஜெல் வாங்கப் போகும் இடத்தில் குளுக்கோசமைன் மாத்திரையையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். ‘தேய்ஞ்ச எலும்பு வளரும்’ என்று சொல்லி மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்க வைக்கும் பொருள் அது. 2006-இல் அமெரிக்காவில் 1,583 முழங்கால் நோயாளிகளிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், மொத்தமாகப் பார்த்தபோது குளுக்கோசமைனும், அதோடு சேர்த்து விற்கப்படும் காண்ட்ராய்ட்டினும் வெற்று மாத்திரையைவிட மேலாக வலியைக் குறைக்கவில்லை. நைஸ் வழிகாட்டுதலும் அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அந்தப் பணத்தை ஒரு நல்ல இயன்முறை மருத்துவரிடம் சில முறை போய் வருவதற்குச் செலவிடலாம். நடந்து போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஏனென்றால் தேய்மான வலியில் தொடைத் தசையின் வலிமைதான் பெரும்பங்கு வகிக்கிறது, ஜெல் அதற்கு வழிவிடும் துணை மருந்து மட்டுமே. அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் எளியவை. கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது. நீட்டிய காலை ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவது. கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது. வலி முழுவதும் போன பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. வலி சற்றுத் தணியும் வாரங்களில் தொடங்கிவிட வேண்டும். ஜெல்லின் உண்மையான பயன் எனக்கு அங்கேதான் தெரிந்தது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை நான்கு கிலோ குறையும் என்பது 2005-இல் வெளியான ஓர் ஆய்வின் கண்டறிதல். அரிவாள்மணை முன் சம்மணம் போட்டு உட்காருவதை விட்டு, மேசையில் கத்தி வைத்துக் காய் நறுக்கப் பழகியதும் அம்மாவுக்கு மருந்துக்கு நிகரான உதவியாக இருந்தது.

மூன்று வாரம் அளந்து தடவியதில், வலது முழங்காலில் மாடிப்படி இறங்கும்போது வரும் குத்தல் அம்மாவுக்குக் கண்கூடாகக் குறைந்தது. முற்றாகப் போகவில்லை, மழைக் காலத்திலும், கல்யாண வீட்டில் நாளெல்லாம் நின்ற மறுநாளும் திரும்ப வருகிறது. இப்போது தினமும் தடவுவதில்லை. வலி கூடும் வாரங்களில் மட்டும் முழு அளவில் தடவி, தணிந்ததும் நிறுத்திவிடுகிறார். இடைப்பட்ட நாளில் வலி மாத்திரை எதுவும் இல்லை. இரத்த அழுத்தமும் சிறுநீரகப் பரிசோதனையும் சீராக உள்ளன. முட்டியின் பின்புறம் ஒரு தடவை லேசாகச் சிவந்தபோது இரண்டு நாள் நிறுத்திவிட்டு, மருத்துவரைக் கேட்டு, தடவும் வேளையை இரண்டாகக் குறைத்தோம். சிவப்பு அடங்காமல் கொப்புளமாகியிருந்தால் மருந்தையே விட்டிருப்போம். வாங்குபவர்கள் குழாயைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவைத்து, எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள். ஒரு முழங்காலுக்குத் தினமும் தடவியும் 30 கிராம் குழாய் ஒரு மாதத்துக்கு வருகிறதென்றால், நீங்கள் தடவும் அளவு மிகக் குறைவு.